வெப்பம் எங்கே கசிகிறது? - குளிர்நாட்டு வீடுகளும் சில கணக்குகளும்

வட அமெரிக்காவில் வீடு வாங்கப் போனால் அட்டிக்கைத் திறந்து காட்டுவார்கள். சாய்ந்த கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் பரண்தான் அட்டிக். அங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போன்ற கண்ணாடி இழை ஓர் அடி உயரத்துக்கு விரிந்து கிடக்கும். சுவருக்குள்ளும் அதே பஞ்சு. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. "நன்றாக இன்சுலேஷன் செய்த வீடு" என்று தரகர் சொல்வதும் பொய்யில்லை. ஆனாலும் ஜனவரி மாதம் எரிவாயுக் கட்டணம் மலைக்க வைக்கிறது. படுக்கையறையின் ஒரு மூலை மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது. ஃபர்னஸ் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடம் சீக்கிரமே வந்துவிடும். மெதுவாக ஓடும் நிரலில் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று ஊகித்தால் பெரும்பாலும் அந்த ஊகம் தவறும். அளந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டு வெப்பத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எப்படி அளப்பது, அளந்தவர்கள் என்ன கண்டார்கள், அடைக்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஆர்-மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

வெப்பம் கடத்தல், காற்றோட்டம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளில் பயணம் செய்யும் என்பது பள்ளிப்பாடம். இன்சுலேஷனுக்கு அமெரிக்காவில் தரும் எண், ஆர்-மதிப்பு. அது வெப்பம் கடந்து செல்வதற்கு ஒரு பொருள் காட்டும் தடையின் அளவு. எண் கூடினால் தடை கூடும். நியூ ஜெர்சி போன்ற இடங்களில் அட்டிக்கில் ஆர்-38, அதற்கு மேலும் போடுவதுண்டு. ஜன்னலின் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஆர்-2தான்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு இழப்பைக் கணக்கிடுவது எளிது. பரப்பைச் சதுர அடியில் எடுத்து ஆர்-மதிப்பால் வகுத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்துக்கும் மணிக்கு எத்தனை பி.டி.யூ. வெப்பம் போகிறது என்று தெரியும். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யூ.

1,000 சதுர அடி அட்டிக் முழுவதும் ஆர்-38 என்றால் இழப்பு 26. அதில் 10 சதுர அடி மட்டும் அட்டிக்குக்கு ஏறும் மூடி. வெறும் பலகை, ஆர்-2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 990-ஐ 38-ஆல் வகுத்து, 10-ஐ 2-ஆல் வகுத்துக் கூட்டினால் 31 வருகிறது. பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான் அந்த மூடி. ஆனால் இழப்பு 18 சதவீதம் கூடிவிட்டது. சராசரியை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

சுவரிலும் இதே கதைதான். 2க்கு 6 அங்குலக் கட்டைகளுக்கு நடுவே ஆர்-20 பஞ்சு அடைத்த சுவரை ஆர்-20 சுவர் என்றே விற்பார்கள். அந்தச் சுவரில் சுமார் நாலில் ஒரு பங்கு கட்டையாகவே இருக்கும். கட்டையின் தடை ஏறக்குறைய ஆர்-7. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுவரின் உண்மையான மதிப்பு ஆர்-14க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

இவையெல்லாம் கடத்தல் பற்றிய கணக்கு. ஆர்-மதிப்பு காற்றுக் கசிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கண்ணாடி இழை காற்றை நிறுத்தாது, வடிகட்ட மட்டுமே செய்யும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாடைக்காற்றில் நின்றவர்களுக்கு இது புரியும்.

ட்வின் ரிவர்ஸ் கண்டுபிடிப்பு

இந்தத் துறையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நியூ ஜெர்சியில் நடந்தது. நம்மவர்கள் பலர் குடியிருக்கும் ஈஸ்ட் விண்ட்ஸர் பகுதியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சோக்கலோவும் அவருடைய குழுவினரும் அந்த வீடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடைக்குப் பிறகு வீட்டு எரிபொருள் நாட்டுப் பிரச்சினையாகிவிட்டிருந்த காலம் அது.

இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. முதலாவது, ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகளிலும் எரிவாயுச் செலவு ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் வேறுபட்டது. வீட்டில் யார் வசிக்கிறார்கள், எப்படி வசிக்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே பக்கத்து வீட்டுக் கட்டணத்தோடு நம் கட்டணத்தை ஒப்பிட்டு, நம் வீட்டில் ஓட்டை இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவுகட்ட முடியாது.

இரண்டாவதுதான் முக்கியமானது. 1977 வாக்கில் ஜான் பெயா, கௌதம் தத் முதலானோர் அட்டிக் வழியாகப் போகும் வெப்பத்தைக் கவனித்தார்கள். இன்சுலேஷனின் ஆர்-மதிப்பை வைத்துக் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு வெப்பம் அட்டிக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சில் குறை இல்லை. வெப்பம் பஞ்சைத் தொடாமலே சுற்றுவழியில் போயிருந்தது. இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர் உள்ளீடற்ற சிமெண்ட் கட்டிகளால் ஆனது. அந்தக் கட்டிகளின் துளைகள் கீழிருந்து மேல்வரை சென்று அட்டிக்கில் திறந்திருந்தன. ஃபர்னஸின் புகைக்குழாயைச் சுற்றி விட்டிருந்த இடைவெளியும் பேஸ்மெண்டிலிருந்து நேராக அட்டிக்குக்கு ஒரு கிணறு போல ஏறியது. பேஸ்மெண்டின் சூடான காற்று இவற்றின் வழியாக எந்தத் தடையுமின்றி மேலே போயிற்று. இத்தகைய வழிகளை 'பைபாஸ்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். வீடு வீடாகச் சென்று கருவிகளோடு கசிவைக் கண்டுபிடிப்பவர்களுக்கு 'ஹவுஸ் டாக்டர்' என்ற பெயரும் பிரின்ஸ்டனில்தான் பிரபலமாயிற்று.

எது பெரிய இழப்பு?

காற்றுக் கசிவு எவ்வளவு பெரிது என்பதை எண்ணாகப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 1980களில் கட்டியது, 2,000 சதுர அடி, 8 அடி உயரம், ஆக 16,000 கன அடி காற்று. பின்னால் விளக்கப்போகும் விசிறிச் சோதனையில் நிமிடத்துக்கு 3,100 கன அடி என்ற எண் வந்தது. அதாவது சோதனை அழுத்தத்தில் வீட்டின் காற்று முழுவதும் மணிக்கு 11.6 தடவை மாறுகிறது. சாதாரண நாளில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தோராயமான விதி உண்டு: அந்த எண்ணை 20ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 0.58 தடவை என்று வருகிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வீட்டின் அத்தனை காற்றும் வெளியே போய், புதிதாக வந்த குளிர்காற்றை ஃபர்னஸ் மறுபடியும் சூடேற்றுகிறது.

ஒரு கன அடி காற்றை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்ற 0.018 பி.டி.யூ. தேவை. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் மணிக்கு 167 பி.டி.யூ. அட்டிக்கின் பஞ்சு வழியாகப் போவது 26 என்று மேலே பார்த்தோம். கசிவு அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல்! உள்ளே 70 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால், ஒரு கிலோவாட் மின்கணப்பு இரண்டை இரவும் பகலும் ஓடவிட்டு அந்த வெப்பம் முழுவதையும் வெளியே அனுப்புவதற்குச் சமம். இந்த வீட்டில் பஞ்சுக்கு மேல் இன்னும் ஓர் அடி பஞ்சு போட்டாலும் கசிவுக் கணக்கு பெரிதாக மாறாது.

குளிர் நுழையும் இடமும் வெப்பம் வெளியேறும் இடமும்

சூடான காற்று இலேசானது. அது மேலே ஏறி உட்கூரையை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே இருக்கும் துளைகள் வழியாக வெளியேறுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கீழ்த்தளத்திலும் பேஸ்மெண்டிலும் உள்ள துளைகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே வருகிறது. வீடே ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. பேஸ்மெண்டும் இரண்டு மாடிகளும் சேர்ந்து ஏழரை மீட்டர் உயரம், வெப்பநிலை வித்தியாசம் 40 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் மேலுக்கும் கீழுக்கும் இடையே சுமார் 7 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாகும். மிகச் சிறிய எண். ஆனால் காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும், குளிர்காலம் முழுவதும் இது ஓய்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. நம் உடம்பு உணர்வது உள்ளே வரும் குளிர்காற்றை மட்டுமே. சோபாவுக்குப் பின்னாலுள்ள ஜன்னலோரம் சில்லென்றிருக்கிறது என்று ஜன்னலின் மேல் பழியைப் போடுகிறோம். அந்தக் காற்றை உள்ளே இழுப்பது மேலே அட்டிக்கில் இருக்கும் ஓட்டை. வெளியேறும் சூடான காற்று யார் மேலும் படுவதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் புகார் செய்வதுமில்லை. மேலேயுள்ள துளைகளை அடைத்தால் கீழே ஜன்னலோரக் குளிரும் குறைகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

கதவில் ஒரு விசிறி

கசிவை அளக்கும் கருவிக்கு 'ப்ளோவர் டோர்' என்று பெயர். 1977 வாக்கில் ஸ்வீடனில் ஜன்னலில் பொருத்தும் விசிறியாகத் தொடங்கி, அங்கிருந்து பிரின்ஸ்டனுக்கு வந்து கதவில் பொருத்தும் விசிறியாயிற்று. வாசற்கதவைத் திறந்து வைத்து, நிலையில் துணித்திரை போட்ட ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். திரையின் கீழ்ப்பகுதியில் பெரிய விசிறி. மற்ற கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். உள்ளே அழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறையும்வரை வேகத்தைக் கூட்டுவார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். மணிக்கு 20 மைல் வேகக் காற்று வீட்டை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அறைவதற்கு ஒப்பு. அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த விசிறி நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அத்தனை கன அடி காற்று ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது என்று பொருள்.

அந்த எண்ணைவிடப் பயனுள்ளது விசிறி ஓடும் அந்த அரைமணி நேரம். எல்லா ஓட்டைகளும் ஒரே திசையில் மூச்சு விடுகின்றன. கையை நீட்டினால் குளிர் தெரியும். சோதனை செய்தவர் பையிலிருந்து எடுத்தது புகைப்பேனா. அது தீர்ந்ததும் எங்கள் பூஜை அறை ஊதுபத்தி அதே வேலையைக் கச்சிதமாகச் செய்தது. குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியின் சட்டத்தைச் சுற்றிப் புகை கீழ்நோக்கி வளைந்தது. வீட்டின் நடுவேயுள்ள ஒரு சுவரின் மின்சுவிட்சிலிருந்து குளிர்காற்று வந்தது. வெளிச்சுவர் அல்ல, உட்சுவர்! அதன் தலைப்பகுதி அட்டிக்கில் மின்கம்பிகளுக்காகத் துளையிட்டபடி திறந்திருந்ததால் சுவரே ஒரு குழாயாகியிருந்தது.

அகச்சிவப்புக் கண்

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதைக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கதிரைப் படமாக்கும் கேமராக்கள் இன்று கைபேசியில் செருகும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. விலை சில நூறு டாலர். சில ஊர்களில் பொது நூலகங்களே புத்தகம் போல இரவல் கொடுக்கின்றன.

இதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 18 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் வேண்டும். சுவரில் வெயில் பட்ட சூடு ஆறியிருக்க வேண்டும், விடியற்காலை உத்தமம். விசிறியை ஓட்டுவதற்கு முன் ஒரு சுற்று, ஓட்டிய பின் ஒரு சுற்று பார்க்க வேண்டும். முதல் சுற்றில் தெரியும் கறுப்புத் திட்டு நேர்க்கோட்டு விளிம்போடு, செவ்வகமாக இருந்தால் அங்கே பஞ்சு விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது சுற்றில் மூலையிலிருந்து இறகு போல, விரல் விரலாகக் கறுப்பு பரவினால் அது காற்றுக் கசிவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேமரா ஏமாற்றும் இடங்களும் உண்டு. கண்ணாடி இந்தக் கதிருக்கு ஊடுருவ இடம் தராது. கொஞ்சம் பிரதிபலிக்கவும் செய்யும். ஜன்னலில் தெரியும் சூடான உருவம் உங்களுடையதாகவே இருக்கலாம். பளபளப்பான உலோகத்தின் வெப்பநிலையையும் இது தவறாகக் காட்டும். ஈரமான இடமும் குளிர்ச்சியாகத் தெரியும். அது கசிவாக இல்லாமல் கூரை ஒழுகலாகவும் இருக்கலாம்.

கருவி இல்லாமலே

பனி பெய்த மறுநாள் காலை தெருவில் நடந்து கூரைகளைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் பனி உருகி ஓடு தெரிந்தால் அதற்குக் கீழே வெப்பம் கசிகிறது. உருகிய நீர் கூரையின் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மீண்டும் உறைந்து பனி அணையாகிறது. நீளநீளமாகத் தொங்கும் பனிக்குச்சிகள் பார்க்க அழகு. அவற்றின் பின்னால் தேங்கும் நீர் கூரைக்குள் இறங்கும்.

அட்டிக்கில் பஞ்சைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் கரி படிந்தது போல அழுக்கேறியிருந்தால் அந்த இடத்தில் வருஷக்கணக்காகக் காற்று ஏறிப் போயிருக்கிறது. பஞ்சு வடிகட்டியாகித் தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு துளை நிச்சயம் இருக்கும். தேட வேண்டிய மற்ற இடங்கள்: அட்டிக் மூடியின் விளிம்பு, உட்கூரையில் பதித்த விளக்குகள், கழிவுநீர்க் குழாய் மேலே போகும் வழி, சமையலறை அலமாரிகளுக்கு மேலுள்ள பொய்க்கூரை, புகைக்குழாயைச் சுற்றிய இடைவெளி, அட்டிக்கில் ஓடும் காற்றுக் குழாய்களின் இணைப்புகள், பேஸ்மெண்டில் கான்கிரீட் சுவர்மேல் மரச்சட்டம் உட்காரும் இடம், கணப்படுப்பின் மூடி.

அடைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். கசியும் வீடு தன்னையறியாமலே சில ஆபத்துகளைக் கழுவிவிடுகிறது. அடைத்த வீடு அவற்றை வைத்துக்கொள்ளும்.

பேஸ்மெண்டில் உள்ள பழைய வகை எரிவாயு வாட்டர் ஹீட்டர் தன் புகையை வெறும் மிதப்பால்தான் மேலே அனுப்புகிறது. வீட்டை இறுக்கிவிட்டுச் சமையலறையில் பலமான எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டினால், அந்தப் புகை மேலே போகாமல் திரும்பி வீட்டுக்குள் வரலாம். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கக்கூடும். தாளிக்கும் நெடிக்காகப் பெரிய விசிறி பொருத்திக்கொள்வது நம் வீடுகளில் சகஜம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கட்டட விதிகளில் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேற்பட்ட சமையலறை விசிறிக்கு மாற்றுக் காற்று வரும் வழி கேட்பது இதனால்தான். கசிவை அடைத்த பின் எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, புகைக்குழாய் சரியாக இழுக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கட்டும்.

அட்டிக்கில் கூழாங்கல் போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். விசிறிச் சோதனையும் வேண்டாம். 1990-ல் மூடப்பட்ட, மொண்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. புகைக்குழாயைச் சுற்றி சாதாரண ஃபோம் அடிக்கக்கூடாது. உலோகத் தகடும் தீயைத் தாங்கும் பூச்சும் வேண்டும். பழைய பதிப்பு விளக்குகளின் மேல் பஞ்சைப் போட்டு மூடினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. விசிறிச் சோதனைக்கு முன் ஃபர்னஸையும் வாட்டர் ஹீட்டரையும் அணைக்க வேண்டும், கணப்படுப்பின் சாம்பலை அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் சாம்பல் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

எந்த வரிசையில்?

என் வீட்டில் அட்டிக் மூடி, சுவர்த் தலைகள், குழாய் வழிகள், பேஸ்மெண்டின் மேல்விளிம்பு ஆகியவற்றை அடைத்தபின் மறுபடி அளந்தபோது 3,100 என்பது 2,100 ஆகியிருந்தது. டிகிரிக்கு 167 ஆக இருந்த இழப்பு 113 ஆயிற்று, 54 மிச்சம். ஜன்னல்களோடு ஒப்பிடுங்கள். 200 சதுர அடி ஜன்னல்களை ஆர்-2லிருந்து ஆர்-3.3க்கு மாற்றினால் மிச்சம் 40-க்குள். ஆனால் எல்லா ஜன்னல்களையும் மாற்றும் செலவு அடைப்பு வேலையின் செலவைப் போலப் பல மடங்கு. ஜன்னல் உளுத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெப்பத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால் அது வரிசையில் கடைசி. முதலில் அளவு, பிறகு மேலேயுள்ள ஓட்டைகள், கீழேயுள்ளவை, அதற்குப் பின் அட்டிக்கில் கூடுதல் பஞ்சு. பஞ்சை முதலில் போட்டால் ஓட்டைகள் அதற்கடியில் மறைந்துவிடும், அடைக்கப் போகிறவர் அதை அள்ளிவிட்டுத்தான் தேட வேண்டியிருக்கும்.

எவ்வளவு இறுக்கமாகக் கட்ட முடியும் என்பதற்கு எல்லைகள் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. கனடாவில் ரெஜைனா நகரில் 1977-ல் கட்டிய சஸ்கட்சுவான் கன்ஸர்வேஷன் ஹவுஸ் அந்தக் காலத்திலேயே இறுக்கத்தையும் தடித்த சுவரையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்தது. ஜெர்மனியில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் 1991-ல் டார்ம்ஷ்டாட் நகரில் எழுப்பிய வீட்டிலிருந்து வளர்ந்த பாஸிவ் ஹவுஸ் தரத்தில், 50 பாஸ்கல் அழுத்தத்தில் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறக்கூடாது. அத்தகைய வீடுகளில், போகும் காற்றின் வெப்பத்தை வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி ஒன்று நல்ல காற்றைத் தந்துகொண்டே இருக்கும். நம்முடைய பழைய வீடுகளை அந்த அளவுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பல மாநிலங்களில் மின்சார, எரிவாயு நிறுவனங்கள் மானியத்தோடு இந்தச் சோதனையைச் செய்து தருகின்றன. உங்கள் கட்டண ரசீதில் இருக்கும் எண்ணில் விசாரித்துப் பாருங்கள். அக்டோபரில் பதிவு செய்தால் ஜனவரிக்குள் அடைத்துவிடலாம்.